கால் மரத்ததும் விரல் நீலமானதும் ஒரே நோயாலா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் தில்லி ஆர்.கே. புரத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 69 வயது. மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாக இரண்டு பாதங்களும் எரிகின்றன, மரத்துப்போகின்றன. மூன்று மாதச் சுகர் சராசரி (ஹெச்பிஏ1சி) 6.2 என்பதால் சுகர் நரம்புக் கோளாறாக இருக்கும் என்று சொல்லி பி12 ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். குறையவில்லை. முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினால் தள்ளாடுகிறார், வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்கிறார். காபி டம்ளரை எடுத்தால் கை லேசாக நடுங்கிச் சிந்துகிறது. ஒரு வருடமாக அவ்வப்போது மூக்கில் இரத்தம் வருகிறது. வறண்ட காற்று என்றார்கள். போன மார்கழியில் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு மலை மந்திர் கோயிலுக்குப் போய் வந்தபோது விரல் நுனியும் காது மடலும் நீலமாகிவிட்டன. ஹீட்டர் முன்னால் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. சில மாதங்களாகப் பேப்பர் படித்தால் எழுத்து கலங்குகிறது. கண்புரை ஆபரேஷனுக்கு டிசம்பரில் நாள் குறித்திருக்கிறோம். அதற்காக இரத்தம் கொடுத்தபோது, சாம்பிள் கட்டியாகிவிட்டது என்று லேபிலிருந்து இரண்டு தடவை திரும்பக் கூப்பிட்டார்கள். அப்புறம் எலும்பு மஜ்ஜை சோதனை வரை போய், வால்டன்ஸ்ட்ராம் மேக்ரோகுளோபுலினீமியா என்று முடிவு வந்தது. ஹீமோகுளோபின் 10.8, ஐஜிஎம் என்ற புரதம் 4,850. மெதுவாக வளரும் இரத்தப் புற்றுநோய், இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். கால், மூக்கு பற்றி அவரிடம் அப்பா சொல்லவே இல்லை. "அது வேற டாக்டர் பாக்கறதாச்சே" என்கிறார். புற்றுநோய் என்பதும் அப்பாவுக்குத் தெரியாது. மூன்று வருடத்தை வீணடித்துவிட்டோமா? மருந்தில்லாமல் காத்திருப்பது சரியா? அப்பாவிடம் சொல்லலாமா? எனக்கும் இது வருமா? ரிப்போர்ட்டுகளை இணைத்திருக்கிறேன்.
— பெயர் வேண்டாம், புது தில்லி.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கண்ணைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன், அது காத்திருக்காது. எழுத்து கலங்குவதற்குப் புரை மட்டும்தான் காரணம் என்று வைத்துக்கொண்டு ஆபரேஷன் மேசைக்குப் போகாதீர்கள். இந்த வாரமே ஒரு விழித்திரை நிபுணரிடம் அப்பாவை அழைத்துப் போங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். போகும்போது "ஐஜிஎம் 4,850, மூக்கில் இரத்தம் வருகிறது" என்ற இரண்டையும் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் தேடப்போவது புரையை அல்ல. இரத்தம் கெட்டியானால் விழித்திரையின் சிரைகள் புடைத்து, நடுநடுவே கயிறு கட்டினாற்போல நெருக்குண்டு தெரியும், பக்கத்தில் இரத்தப் பொட்டுகள் இருக்கும். அப்படி ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே உங்கள் இரத்தவியல் டாக்டருக்கு போன் செய்யுங்கள். மூன்று மாதக் கணக்கு அதோடு போயிற்று. இடையில் திடீர்ப் பார்வைக் குறைவு, விடாத தலைவலி, குழப்பமான பேச்சு, எழுந்து நிற்க முடியாத தலைசுற்றல், நிற்காத மூக்கு இரத்தம் என்று எது வந்தாலும் வெளிநோயாளி பிரிவுக்குக் காலையில் போகலாம் என்று இருக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சரி, இப்போது நோய்க்கு வருகிறேன்.

நம் உடம்பில் கிருமி நுழைந்தால் முதல் ஆளாக ஓடி வரும் எதிர்ப்புப் புரதம் ஐஜிஎம். மற்ற எதிர்ப்புப் புரதங்கள் பெரும்பாலும் ஒற்றை ஆளாகத் திரியும். இது ஐந்து பேர் கைகோத்த கூட்டமாக வரும், அதனால் உருவத்தில் மிகப் பெரியது. இரத்தக் குழாயை விட்டு எளிதில் வெளியே போக முடியாமல் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். இந்த நோயில் எலும்பு மஜ்ஜையில் ஒரே ஒரு செல்லின் வாரிசுகள் மெள்ள மெள்ளப் பெருகி, ஒரே மாதிரி ஐஜிஎம்மை அளவில்லாமல் கொட்டுகின்றன. நோயின் பாதித் தொல்லை செல்களால் வருகிறது. மஜ்ஜையை அடைத்துக்கொண்டு இரத்தசோகையைத் தருகின்றன, சிலருக்கு நிணநீர்க் கட்டிகளும் மண்ணீரலும் வீங்கும். மீதிப் பாதி அந்தப் புரதத்தால் வருகிறது, இதுதான் எல்லாரையும் திசை திருப்புவது. புரதம் இரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. எந்த உறுப்பில் வம்பு பண்ணுகிறதோ அந்த உறுப்பின் டாக்டரிடம் நோயாளி போய் நிற்கிறார். உங்கள் அப்பா நரம்புக்கு ஒருவர், மூக்குக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர் என்று போனது இப்படித்தான்.

மூக்கில் இரத்தம் வருவதை வறண்ட காற்று என்று சொன்னதில் தப்பில்லை. தில்லியில் குளிர்காலத்தில் பாதிப் பேருக்கு மூக்கு உலர்ந்துதான் கிடக்கிறது. ஆனால் இந்த நோயின் வரலாறே மூக்கு இரத்தத்தில்தான் தொடங்குகிறது. 1944இல் ஸ்வீடனைச் சேர்ந்த யான் வால்டன்ஸ்ட்ராம் என்ற மருத்துவர் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். இருவருக்கும் மூக்கிலும் வாயிலும் இரத்தம் கசிந்தது, சோகை இருந்தது, இஎஸ்ஆர் (சிவப்பணுக்கள் படியும் வேகம்) எகிறியிருந்தது, இரத்தத்தின் திரவம் கெட்டியாக இருந்தது. அந்தத் திரவத்தில் மிகப் பெரிய புரதம் ஒன்று இருப்பதை அவர் கண்டுபிடித்தார். இரத்தம் ரசம் மாதிரி ஓட வேண்டியது. அது கஞ்சிப் பதத்துக்கு வந்தால் மெல்லிய குழாய்களில் தேங்கும். மூக்கு, ஈறு, விழித்திரை ஆகியவற்றில்தான் மெல்லிய குழாய்கள் அதிகம், முதலில் கசிவதும் அங்கேதான். போதாததற்கு, இரத்தம் உறைய உதவும் பொருட்களையும் இந்தப் புரதம் பிடித்து வைத்துக்கொண்டு கெடுக்கும். அதனால் மூக்கையும் கண்ணையும் நான் சேர்த்தே பார்க்கிறேன், நீங்களும் சேர்த்தே சொல்லுங்கள்.

லேபிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த முதல் ரிப்போர்ட்டைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். ஹீமோகுளோபின் 10.8. சிவப்பணு எண்ணிக்கை 16 லட்சம். அணுவின் சராசரி அளவு 126. எம்சிஹெச்சி என்ற வரியில் 53.5. கடைசி எண் நடக்கவே நடக்காத எண். ஒரு சிவப்பணுவுக்குள் அவ்வளவு ஹீமோகுளோபினை அடைக்க முடியாது. 36ஐத் தாண்டுவதே அரிது. மிஷின் பொய் சொல்லவில்லை. சிவப்பணுக்கள் நாலைந்தாக ஒட்டிக்கொண்டு போனதை அது ஒரே அணு என்று எண்ணியிருக்கிறது. சூடுபடுத்தி எண்ணிய மூன்றாவது ரிப்போர்ட்டில் அதே 10.8க்கு எண்ணிக்கை 34 லட்சம், அளவு 95, எம்சிஹெச்சி 33.4. கணக்கு நேராகிவிட்டது.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில், ஒரு ஜனவரி இரவு, லேபில் இருந்த மூத்த டெக்னீஷியன் இதை எனக்குக் காட்டிக் கொடுத்தார். ஊதா மூடி போட்ட ட்யூபைச் சாய்த்து விளக்குக்கு நேரே பிடித்தார். கண்ணாடிச் சுவரில் இரத்தம் வழவழவென்று இறங்காமல் சிவப்பு ரவை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. "ரெண்டு கையிலயும் பொத்தி வெச்சுக்கோங்க" என்று என்னிடம் கொடுத்தார். கொஞ்ச நேரம் உள்ளங்கைச் சூட்டில் இருந்த பிறகு பார்த்தால் ரவையைக் காணோம், சாதாரண இரத்தம். மேசையில் வைத்தோம், பேசிக்கொண்டிருக்கும்போதே மறுபடி ரவை கட்டியது. குளிரில் சிவப்பணுக்களைக் கட்டிப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம் அது. உண்மையான உறைகட்டி சூட்டில் கரையாது, இது கரையும். "கட்டியாகிவிட்டது, திரும்ப எடுங்கள்" என்று தூக்கிப் போடாமல் சூடு பண்ணிப் பார்த்த அந்த மூன்றாவது லேப்காரருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். அவர்தான் நோயைப் பிடித்தவர்.

அந்த ட்யூபில் நடந்ததுதான் போன மார்கழியில் அப்பாவின் விரல் நுனியில் நடந்தது. விரல், காது, மூக்கு நுனி ஆகியவைதான் உடம்பில் முதலில் குளிரும் இடங்கள். அங்கே அணுக்கள் ஒட்டிக்கொண்டால் ஓட்டம் நின்று தோல் நீலமாகும். சூடு பட்டதும் பிரிந்துவிடும். இன்னொரு வகையும் உண்டு. அணுக்களை விட்டுவிட்டு, புரதமே குளிரில் திரண்டுவிடுவது. தில்லிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டில் என்ன ஆகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிட்டத்தட்ட அதே கதைதான். இதற்குக் கிரயோகுளோபுலின் என்று பெயர். இது இருந்தால் காலில் ஊதா நிறப் புள்ளிகள், ஆறாத புண், மூட்டு வலி, சிறுநீரகக் கோளாறு வரக்கூடும். இரண்டில் அப்பாவுக்கு எது, அல்லது இரண்டுமா என்று சோதித்துத்தான் சொல்ல முடியும். குளிருக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போயிற்றா என்று அப்பாவிடம் கேளுங்கள். அணுக்கள் உடைந்தால் அப்படிப் போகும். ஆண்கள் இதைக் கேட்டால் ஒழியச் சொல்ல மாட்டார்கள்.

கால் எரிச்சலைப் பார்த்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் கால் எரிகிறது என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு சுகரோ பி12 குறைவோதான், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் கடிதத்தின் நடுவில், பெரிதாக எண்ணாமல், இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினால் அப்பா தள்ளாடுகிறார், வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்கிறார். காபி டம்ளரை எடுத்தால் கை லேசாக நடுங்குகிறது, டவராவில் சிந்துகிறது. சாதாரண சுகர் கால் இப்படி நடந்துகொள்வது குறைவு, அதுவும் 6.2இல். கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புகளின் உறை கழன்றிருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். கண் திறந்திருக்கும்வரை கண்ணால் சமாளிக்கிறார், மூடினால் தள்ளாடுகிறார். ஐஜிஎம் சிலரிடம் நரம்பு உறையில் உள்ள எம்ஏஜி என்ற பொருளைப் போய்த் தாக்கும். வால்டன்ஸ்ட்ராம் நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நரம்புத் தொல்லை இருக்கிறது. சிலருக்கு அதுதான் முதல் அறிகுறி, புற்றுநோய் பிறகுதான் தெரியவரும். நரம்புக் கடத்தல் சோதனை ஒன்று, எம்ஏஜி எதிர்ப்புப் புரதத்துக்கான இரத்தச் சோதனை ஒன்று, இரண்டும் வேண்டும். நரம்பு டாக்டரிடம் போகும்போது ஐஜிஎம் ரிப்போர்ட் கையில் இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இணைத்திருந்த பழைய ரிப்போர்ட்டுகளில் இரண்டு வருடத்துக்கு முந்தைய கல்லீரல் சோதனை ஒன்று இருந்தது. எஸ்ஜிபிடி சரி, பிலிரூபின் சரி. யாரோ பக்கத்தில் பச்சை மையில் டிக் அடித்திருக்கிறார்கள். அதே தாளில் கீழே மொத்தப் புரதம் 8.2, ஆல்புமின் 3.6, குளோபுலின் 4.6. ஐஜிஎம் போன்ற எதிர்ப்புப் புரதங்கள் சேர்வது இந்தக் குளோபுலின் கணக்கில்தான். குளோபுலின் பொதுவாக 3.5க்குள் இருக்க வேண்டும், ஆல்புமின்தான் அதைவிட அதிகமாக இருக்க வேண்டும். இங்கே தலைகீழ். போன மாத ரிப்போர்ட்டில் குளோபுலின் 6.0. நாட்டில் லட்சக்கணக்கான பேர் வருடா வருடம் இந்தச் சோதனையைச் செய்துகொள்கிறார்கள். எல்லாரும் மேலே பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். குளோபுலின் ஏறியிருந்தால் உடனே புற்றுநோய் என்று பயப்படக் கூடாது. நாள்பட்ட தொற்று, கல்லீரல் நோய், காசநோய், மூட்டுவாதம் என்று சாதாரணக் காரணங்களே அதிகம். ஆனால் காரணம் தெரியாமல் ஏறியிருந்தால் சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரசிஸ் என்ற ஒரு சோதனை செய்ய வேண்டும். ஒரே வகைப் புரதம் குவிந்திருந்தால் அந்த வரைபடத்தில் ஊசிக் கோபுரமாக எழும்பி நிற்கும். விளம்பரத்தில் வரும் முழு உடல் பேக்கேஜ்கள் பலவற்றில் இது கிடையாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தேதான் எழுதுகிறேன்: வீட்டில் பெரியவர் யாருக்காவது காரணம் தெரியாத கால் மரப்பும் சோகையும் இருந்தால், பழைய கல்லீரல் ரிப்போர்ட்டை எடுத்து அந்த ஒரு வரியைப் பாருங்கள்.

இஎஸ்ஆர் பற்றியும் ஒரு வார்த்தை. அப்பாவுக்கு 118. நம் ஊரில் இஎஸ்ஆர் நூறைத் தாண்டி, உடம்பும் இளைத்திருந்தால் காசநோய் என்ற எண்ணம்தான் முதலில் வரும், வர வேண்டியதும்தான். ஆனால் கிருமியைக் காட்டும் ஆதாரம் எதுவும் இல்லாமல், இஎஸ்ஆரை மட்டும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கிவிட்டு என்னிடம் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனசு கேட்காது. உங்கள் அப்பா அந்த வழியில் போகாமல் தப்பியது நல்லதாயிற்று.

இந்த நோய் போடும் வேஷங்கள் இன்னும் உண்டு. விட்டு விட்டு வரும் காய்ச்சலும் எலும்பு வலியும் அரிப்பில்லாத தடிப்பும் சேர்ந்து தோல் டாக்டரிடம் வருவார்கள். பிரான்சில் ஷ்னிட்ஸ்லர் என்ற தோல் மருத்துவர் 1972இல் விவரித்த கூட்டு இது. அதிலும் பின்னணியில் இதே ஐஜிஎம்தான். சிலருக்குப் புரதத்தின் துண்டுகள் இதயத்திலும் சிறுநீரகத்திலும் படிந்து, சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும், படியேறினால் மூச்சு வாங்கும். மிக அரிதாக, நூற்றில் ஒருவர் அளவில், செல்கள் மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துகொள்ளும். பிங், நீல் என்ற இரு டேனிஷ் மருத்துவர்கள் 1936இல், அதாவது வால்டன்ஸ்ட்ராமுக்கும் முன்பே, இதை எழுதிவிட்டார்கள். விடாத வயிற்றுப்போக்கு, நுரையீரலைச் சுற்றி நீர் என்றும் வருவதுண்டு. ரிப்போர்ட்டையே குழப்புவதும் உண்டு. புரதம் சோதனைத் திரவத்தில் திரிந்து, நல்ல கொழுப்பு இல்லவே இல்லை என்பது போலவோ பாஸ்பேட் எகிறியது போலவோ காட்டும். உங்கள் அப்பாவுக்கு இவை எல்லாம் வரும் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலானவர்களுக்கு வராது. சிறுநீர் நுரைக்கிறதா, கால் வீங்குகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

மருந்தில்லாமல் காத்திருப்பது சரியா என்றீர்கள். தொந்தரவே இல்லாதவருக்கு அதுதான் சரி. முன்கூட்டியே மருந்து கொடுத்தால் ஆயுள் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை, மருந்தின் பக்கவிளைவு மட்டும்தான் மிச்சம். ஐஜிஎம் எண்ணைப் பார்த்து மட்டும் நாங்கள் சிகிச்சை தொடங்குவதில்லை. 6,000ஐ நெருங்கினால்தான் எண்ணே கவலை தரும். அறிகுறியைப் பார்த்துத்தான் தொடங்குகிறோம்: ஹீமோகுளோபின் 10க்குக் கீழே போவது, தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்குவது, இரத்தம் கெட்டியான அடையாளங்கள், கூடிக்கொண்டே போகும் நரம்புத் தொல்லை, குளிரால் வரும் தொல்லை, இளைப்பும் இரவு வியர்வையும் என்று. உங்கள் டாக்டர் முன்னால் இருந்தது என்ன? 10.8, ஒரு மஜ்ஜை ரிப்போர்ட், "நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லும் ஒரு பெரியவர். அதை வைத்து அவர் சொன்னது சரியான முடிவு. அவர் கேட்காதது தவறு என்றால் அப்பா சொல்லாததும் தவறுதான். காலும் மூக்கும் கண்ணும் விரலும் தெரிந்தபின் அவரே முடிவை மாற்றலாம். அதனால் வேறு டாக்டரைத் தேடி அலையாதீர்கள். அவரிடமே மறுபடி போங்கள். ஒரு முழுத் தாளில் தேதிவாரியாக எழுதிக்கொண்டு போங்கள். கால் மரத்தது எந்த மாதம், மூக்கில் எத்தனை தடவை, மார்கழியில் நீலம், சோப்புத் தள்ளாட்டம், டம்ளர் நடுக்கம், குளோபுலின் 4.6 இருந்தது எப்போது, எல்லாம் அந்த ஒரே தாளில் இருக்கட்டும். இன்னொருவரின் கருத்தும் வேண்டும் என்று தோன்றினால் எய்ம்ஸில் இரத்தவியலுக்குத் தனித் துறையே இருக்கிறது, நரம்பியலும் அங்கேயே உண்டு.

சிகிச்சை தேவை என்று முடிவானால் என்ன செய்வார்கள் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். இரத்தம் கெட்டியாகியிருந்தால் முதலில் பிளாஸ்மா மாற்றம். ஒரு மிஷின் வழியாக இரத்தத்தைச் செலுத்தி, ஐஜிஎம் நிறைந்த திரவத்தைப் பிரித்தெடுத்துவிட்டு வேறு திரவம் செலுத்துவார்கள். சில மணி நேர வேலை, பலன் உடனே தெரியும். ஆனால் நோயின் வேரை அது தொடாது. வேருக்கு ரிட்டுக்சிமாபுடன் பெண்டாமஸ்டின், அல்லது ரிட்டுக்சிமாபுடன் சைக்ளோபாஸ்பமைடும் டெக்சாமெத்தசோனும் என்று சில மாதங்கள் கொடுப்பார்கள். இல்லையென்றால் இப்ரூடினிப், ஜனுப்ரூடினிப் போன்ற மாத்திரைகள், இவற்றை நிறுத்தாமல் சாப்பிட வேண்டும். எது பொருந்தும் என்பதில் எம்ஒய்டி88 என்ற மரபணு மாற்றத்துக்கும் பங்கு உண்டு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது இருக்கும் என்று 2012இல் தெரியவந்தது. மஜ்ஜையில் அந்தச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். ரிட்டுக்சிமாபை 2007இலிருந்து இந்தியாவிலேயே தயாரிக்கிறார்கள், அதனால் முன்போல் எட்டாத விலை இல்லை.

இதில் இரண்டு விஷயத்தை நீங்களும் நினைவில் வைத்திருங்கள். ரிட்டுக்சிமாப் மட்டும் கொடுத்தால் பாதிப் பேருக்கு ஐஜிஎம் குறைவதற்கு முன் ஒரு ஏற்றம் ஏறும். ஏற்கெனவே 4,000க்கு மேல் இருப்பவருக்கு அந்த ஏற்றம் ஆபத்து. பிளாஸ்மா மாற்றம் செய்துவிட்டோ, அந்த மருந்தைச் சற்றுத் தள்ளி வைத்தோ தொடங்குவார்கள். அப்பாவுக்கு எப்படிச் செய்யப்போகிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். இரண்டாவது, மருந்துக்கு முன் ஹெபடைடிஸ் பி சோதனை கட்டாயம் நடந்திருக்க வேண்டும். அடங்கிக் கிடக்கும் அந்த வைரஸ் இந்த மருந்தால் கிளம்பி ஈரலைத் தாக்கக்கூடும்.

மூன்று வருடம் வீணாயிற்றா என்ற கேள்விக்கு நேரான பதில்: நோயைப் பொறுத்தவரை பெரிதாக இல்லை. இது பத்தாண்டு, அதற்கும் மேல் என்று பலர் கூடவே வாழ்ந்துவிடும் நோய். மூன்று வருடம் முன்பே தெரிந்திருந்தாலும் அநேகமாக அன்றைக்கும் "பார்க்கலாம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் நரம்பைப் பொறுத்தவரை கொஞ்சம் இழந்திருக்கலாம். கழன்ற உறை முழுக்கத் திரும்புவது கஷ்டம். சிகிச்சையால் மேலும் மோசமாகாமல் நிறுத்தலாம், ஓரளவு மீட்கவும் செய்யலாம், பழைய கால் அப்படியே திரும்ப வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். இதில் உங்கள் மேல் பழியில்லை. அப்பாவை ஒவ்வொரு டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போனது நீங்கள்தானே.

உங்களுக்கும் வருமா என்றால், நோயாளிகளின் நெருங்கிய இரத்த உறவில் இதுவோ இதன் தாயாதி நோய்களோ இருப்பது அதிகம்தான். ஆனாலும் அரிய நோயில் "அதிகம்" என்பதும் மிகச் சிறிய எண்ணிக்கையே. உங்களுக்குச் சோதனை எதுவும் தேவையில்லை.

அப்பாவிடம் சொல்லுங்கள். அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காபி குடிக்கும் நேரத்தில், சாதாரணமாகச் சொல்லுங்கள். இரத்தத்தில் ஒரு மெதுவான புற்றுநோய், காலும் மூக்கும் விரலும் அதனால்தான் என்று நினைக்கிறார்கள், மருந்து இருக்கிறது என்று. எது எதோடு சேர்ந்தது என்று தெரியாததால்தான் அவர் காலை ஒரு டாக்டரிடமும் மூக்கை இன்னொருவரிடமும் வைத்துவிட்டு வந்திருக்கிறார். பாதம் மரத்ததும் பார்வை கலங்கியதும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். நாளைக்குத் தலை கனத்தாலும் மூக்கு கசிந்தாலும் அதற்கு அர்த்தம் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாற்பது வருடம் கோப்பு பார்த்த மனிதர், தன் கோப்பைத் தானே படிக்கட்டும்.

மார்கழி நெருங்குகிறது. இந்த வருடம் பச்சைத் தண்ணீர்க் குளியல் வேண்டாம், வெந்நீர்தான். விடியலில் மலை மந்திர் படிகளில் வெறுங்காலோடு ஏற வேண்டாம். கல் குளிர்வதும் தெரியாது, காலில் முள் ஏறுவதும் தெரியாது. பத்து மணிக்குமேல் வெயில் ஏறியதும் போகட்டும். திரும்பி வந்ததும் அவரை உட்கார வைத்து, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீங்கள் பாருங்கள். கையுறை, குரங்குக் குல்லா, கம்பளிக் காலுறை போடட்டும். ஃபிரிட்ஜிலிருந்து எதையும் வெறுங்கையால் எடுக்க வேண்டாம். என்றைக்காவது இரத்தம் ஏற்ற வேண்டிவந்தால், "குளிரில் அணுக்கள் ஒட்டும், சூடாக்கி மெதுவாக ஏற்ற வேண்டும்" என்று சொல்ல வேண்டும். இரத்தம் கெட்டியாக இருக்கும்போது அவசரமாக ஏற்றினால் இன்னும் கெட்டியாகும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளை மருந்து தொடங்கும் முன்பே போட முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், அடுத்த சோதனைகளுக்கு வீட்டுக்கு வந்து இரத்தம் எடுப்பவர்களைக் கூப்பிடாதீர்கள். கிரயோகுளோபுலின் சோதனைக்கு இரத்தம் எடுத்த நொடியிலிருந்து தெளிந்த திரவமான சீரம் பிரியும்வரை 37 டிகிரியில் இருக்க வேண்டும். ஸ்கூட்டரில் ரிங் ரோடு வழியே குளிர் பையில் போனால், புரதம் வழியிலேயே திரண்டு அடியில் தங்கிவிடும், ரிப்போர்ட்டில் "இல்லை" என்று வரும். ஆஸ்பத்திரிக்குள்ளேயே லேப் இருக்கும் இடத்துக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய், ஊசி குத்தும் முன்பே வெந்நீர்த் தொட்டி தயாராக இருக்கிறதா என்று கேளுங்கள்.